ஜமுக்காளத்துக்குள் ஒரு ராத்திரி

அத்தியாயம் 9

சொர்ணாம்பாள் வீட்டுக்குள் முட்டை நுழைந்ததே இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தும் நுழைந்ததில்லை. இப்போது முன்னறையில் முந்நூறோ நானூறோ முட்டைகள் இருந்தன.

அவை வந்த கதை உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் புதிதாகப் பக்கம் புரட்டுகிறவர்களுக்காகச் சில வரிகள்.

மாசியில் சொர்ணாம்பாளின் மகன் குமரகுருபரனின் மனைவி சித்ரலேகா பிரசவத்தில் போனாள். பிள்ளையும் தங்கவில்லை. அவள் கடல் உயிர்களைப் பற்றிப் படித்தவள். வீட்டில் கடல் மீன் வளர்க்க ஆசைப்பட்டுக் கண்ணாடித் தொட்டி ஒன்றுக்குச் சொல்லி வைத்திருந்தாள். கடைக்காரர் அதைப் பங்குனியில் கொண்டு வந்து இறக்கினார். அவருக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை.

திருப்பி அனுப்பியிருக்கலாம். குமரன் அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "ம்," என்றான். மாசிக்குப் பிறகு எதற்கும் அதுதான் பதில்.

உவரியில் இருந்து காஜா முகைதீனின் வேனில் கேன் கேனாகக் கடல் வந்தது. குமரன் அதை இருட்டில் வைத்துத் தெளிய விட்டான். தொட்டியின் அடியில் சல்லடைத் தட்டும், அதன் மேல் நொறுங்கிய சிப்பி மணலும் பரப்பினான். மோட்டார் காற்றை இறக்க, தண்ணீர் மணல் வழியே கீழே இழுபட்டுச் சுற்றி வந்தது. மீன் இல்லாமல் வெறும் தண்ணீரை வாரக்கணக்கில் ஓடவிட்டான். மணலில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியேறி, அழுக்கைத் தின்னப் பழக வேண்டுமாம். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவனுக்கு அந்தப் பொறுமை இருந்தது. தண்ணீர் ஆவியாகக் குறைந்தால் ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி ஊற்றினான். உப்பு ஆவியாகாது, தண்ணீர்தானே ஆகும். புன்னைக்காயல் முகத்துவாரத்துக்குப் போகாமலே தாமிரபரணி அந்த முன்னறையில் கடலோடு கலந்தது.

பிறகு ஒரு ஜோடி மீனை விட்டான். மீனுக்கு இறால் வேண்டும். சைவ வீட்டில் இறாலுக்கு எங்கே போவது? அடுத்த தெரு மைதீன் பாத்திமா அக்கா தன் ஃபிரிட்ஜில் ஓர் ஓரம் ஒதுக்கினாள். பொடியாக நறுக்கி வைப்பாள். குமரன் வாங்கி வந்து போட்டுவிட்டுப் பின்கட்டில் சோப்புப் போட்டுக் கை கழுவுவான். அம்மா அதன் பிறகும் அந்தக் கையால் சொம்பைத் தொட விடமாட்டாள்.

போன மாதம் அந்த ஜோடி முதல் முறை முட்டையிட்டது. ஒரு ராத்திரியில் பொரிந்தது. விடிந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை. பாதியை மணல் இழுத்துக்கொண்டது. மீதியைப் பெற்றவர்களே தின்றிருக்க வேண்டும். அன்று குமரன் கல்லூரிக்குப் போகவில்லை.

இது இரண்டாம் முறை. இந்த முறை விடுவதாக இல்லை.

●

தீபாவளிக்கு மறுநாள் காலை. அந்த வீட்டில் இந்த வருஷம் தீபாவளி கிடையாது. எண்ணெய் இல்லை, வெடி இல்லை, அடுப்பில் சட்டி ஏறவில்லை. அக்கம்பக்கத்தார் கொடுத்துவிட்ட முறுக்கும் அதிரசமும் தாம்பாளத்தில் அப்படியே கிடந்தன.

இன்று சூரிய கிரகணம். டிவியில் ஒரு வாரமாக இதே பேச்சு. டவுனில் பாதிப் பேர் விடியும் முன்பே குளித்துச் சாப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

குமரன் தொட்டியின் முன்னால் குந்தியிருந்தான். உள்ளே கடல் சாமந்தி விரிந்திருந்தது. பூ மாதிரி இருக்கும், ஆனால் அது ஒரு பிராணி. அதன் விரல்கள் தொட்டதைக் கொட்டும். இந்த இரண்டு மீன்களை மட்டும் கொட்டாது. இரண்டும் கருத்த உடம்பு, வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். பெரியதுக்குத் தங்கை அனுராதா கலெக்டரம்மா என்று பெயர் வைத்திருந்தாள். எந்நேரமும் அதன் பின்னால் ஓடுகிற சின்னது டவாலி.

சாமந்தியை ஒட்டிச் சாய்ந்திருந்த ஓட்டுத் துண்டில் முட்டைகள். வெற்றிலை அகலத்துக்கு, தினை அப்பியது போல. முதலில் ஆரஞ்சு நிறமாக இருந்தன. இப்போது ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு வெள்ளிப் புள்ளிகள்.

"இன்னிக்கு ராத்திரி பொரிஞ்சிரும்," என்றான்.

அனுராதா கண்ணாடியில் மூக்கை ஒட்டினாள். "யம்மா, இங்கன வந்து பாரேன். முட்டைக்குள்ள கண்ணு தெரியுது. அம்புட்டும் நம்மளத்தான் பாக்குது."

"எனக்கு என்னத்துக்குட்டி?" அம்மா எப்போதும் தொட்டியில் இருந்து இரண்டடி தள்ளித்தான் நிற்பாள். இன்று ஓர் அடி குறைந்தது. "இதுல தாய் எது? பெரிசுதானே? அது ஊர் மேஞ்சிக்கிட்டுக் கிடக்கு. சின்னதுல்லா நின்னு விசிறுது!"

"அது தகப்பன். முட்டைக்குக் காவலு தகப்பன்தான். ராத்திரி பகலா செட்டைய ஆட்டி விசிறுவான். கெட்டுப்போன முட்டைய வாயால பிடுங்கிப் போட்டுருவான்."

"நல்ல கூத்து."

"அதோட முடியல. கலெக்டரம்மா செத்துட்டான்னு வையி, டவாலி பொம்பளையா மாறிருவான். அப்புறம் வேற ஒரு ஆம்பளைய சேத்துக்கிட்டு குடித்தனம் நடத்துவான். மதினி புஸ்தகத்துல போட்டுருக்கு."

மதினி என்ற சொல் அறையில் கொஞ்ச நேரம் நின்றது.

"ம்ஹும்," என்றாள் அம்மா. "மீனுக்குக்கூட மேல என்ன செய்யணும்னு தெரியுது. இங்க ஒருத்தன் பொண்ணு பாக்கப் போவோமான்னு கேட்டா செவிடனாயிருதான்."

"ம்," என்றான் குமரன்.

"பாத்தியா, இதான்."

அவள் திரும்பிப் போனாள். நிலைப்படியில் நின்றாள்.

"ஏட்டி அனு, அப்பம் அது இப்பம் வாயும் வயிறுமா இருக்குன்னுதானே அர்த்தம்?"

அனுராதா சிரித்துவிட்டாள். "போட்டு முடிச்சாச்சும்மா. வயித்துல இல்ல. ஓட்டுல இருக்கு."

"எங்க இருந்தா என்னட்டி. இன்னும் முழுசாப் பொறக்கலைல்லா?"

குமரன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கியிருந்தால் மாடிக்குப் போயிருக்கமாட்டான்.

●

"தட்டட்டிக்குப் போவாதலே, கிரகணம் பிடிக்கப் போவுது," என்று அம்மா கீழிருந்து கத்தினாள். அவன் அட்டையில் ஊசித் துளை போட்டு எடுத்துக்கொண்டு ஏறினான். பின்னாலேயே அனுராதாவும் வந்தாள்.

துளை வழியே வெள்ளைத் தாளில் சூரியன் விழுந்தது. மிளகு அளவு. அதன் ஓரத்தை யாரோ கடித்திருந்தார்கள்.

"அவ்வளவுதானா?" என்றாள் அனுராதா. "இதுக்கா இந்தப் பாடு?"

"பொறு."

பொறுத்தார்கள். வெயில் இருந்தது, சூடு போய்விட்டது. நெல்லையப்பர் கோபுரம் பழைய போட்டோவில் இருப்பது போல நிறம் மாறியது. பள்ளிவாசலில் கிரகணத் தொழுகையின் குரல் கேட்டது. காக்கைகள் வேப்ப மரத்துக்குத் திரும்பி வந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கிளை மாறி உட்கார்ந்தன.

"அண்ணே, தரையப் பாரு!"

வேப்பிலை இடுக்குகள் வழியே விழுந்த வெளிச்சம் வட்டமாக இல்லை. ஒவ்வொன்றும் ஒரு பிறை. மாடி முழுக்கப் பிறைகள். காற்றடித்தால் அத்தனையும் சேர்ந்து அசைந்தன. அனுராதா கையை நீட்டினாள். உள்ளங்கையில் நாலைந்து பிறைகள் ஊர்ந்தன. அவள் கையை மடக்காமல் அப்படியே பிடித்திருந்தாள்.

இதைச் சொல்ல வேண்டும் என்று குமரனுக்குத் தோன்றியது. யாரிடம் என்று அடுத்தபடி தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

பிறைகள் மறுபடி தடிக்கத் தொடங்கியபோதுதான் கவனித்தான். மாடிப்படி வழியாக எப்போதும் மேலே வருகிற மோட்டாரின் இரைச்சல் இல்லை.

கரண்ட் போயிருக்குமோ? எதிர் வீட்டில் டிவி பேசிக்கொண்டிருந்தது.

இரண்டிரண்டு படியாக இறங்கினான்.

●

முன்னறை கும்மிருட்டாக இருந்தது. ஜன்னல்கள் சாத்தி, இடுக்கில் துணி செருகியிருந்தது. தொட்டி இருந்த இடத்தில் ஒரு குவியல். நாலாக மடித்த கல்யாண ஜமுக்காளம், அதற்கு மேல் கம்பளி, உச்சியில் ஒரு கைப்பிடி தர்ப்பை. முன்னால் அம்மா சப்பணமிட்டு உட்கார்ந்து தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா செஞ்சி வச்சிருக்க?"

"சத்தம் போடாத. இன்னும் விடல."

"மோட்டார் எங்க?"

"பிடுங்கிட்டேன். புள்ளைத்தாச்சி இருக்க இடத்துல கொர்ருன்னு என்னத்துக்கு அது?"

"எப்பம் பிடுங்கின?"

"பிடிக்க ஆரம்பிச்சப்பமே."

காற்று நின்றால் மணல் மூச்சுத் திணறும். மணல் செத்தால் தண்ணீர் கெடும். அதற்கு முன்பே மீன் போய்விடும். எல்லாம் அவனுக்குத் தெரியும். கரும்பலகையில் எழுதிக் காட்டுவான். மாசிக்குப் பிறகு பயம் வந்தது அன்றுதான். பயப்படவும் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே.

கம்பளியில் கை வைத்தான். அம்மா மணிக்கட்டைப் பிடித்தாள். நல்ல பிடி.

"வெளிச்சம் படப்பிடாதுலே. ஒரு தடவ பட்டது போதும் இந்த வீட்டுக்கு."

மாசியைத்தான் சொல்கிறாள். அவன் அலமாரியில் இருந்து டார்ச்சை எடுத்தான்.

"டார்ச்சு அடிச்சுப் பாக்கேன். டார்ச்சு சூரியன் இல்லம்மா."

அவள் யோசித்தாள். "அது பரவால்ல," என்று கையை எடுத்தாள்.

ஓரத்தைத் தூக்கித் தலையை உள்ளே விட்டு டார்ச்சை அழுத்தினான். இரண்டு மீன்களும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. உயிர் இருந்தது. வெளிச்சத்தை ஓட்டுக்குத் திருப்பினான்.

ஓடு வெறுமையாக இருந்தது. கூடுகள் மட்டும் கிழிந்து ஒட்டியிருந்தன.

தின்றுவிட்டன, என்று நினைத்தான். இந்த முறையும்.

டார்ச்சு வெளிச்சத்தில் தூசி பறந்தது. அணைக்கப் போனவன் நின்றான். தூசி வெளிச்சத்தை நோக்கி வராது.

இவை வந்தன. மூலைகளில் இருந்து, சாமந்தியின் பின்னால் இருந்து, ஆழத்தில் இருந்து. நூல் பிசிறு மாதிரி உடம்பு. அந்த உடம்பும் இல்லாதது போலத்தான், கண்ணாடியாகத் தெரிந்தது. இரண்டு வெள்ளிக் கண்களும் அவற்றைத் தள்ளிக்கொண்டு வருகிற ஒரு துடிப்பும் மட்டும் இருந்தன. பத்து, ஐம்பது, பிறகு எண்ண முடியவில்லை. பிறந்து ஒரு நாழிகை ஆகியிருக்குமா? யாரும் சொல்லித் தரவில்லை. வெளிச்சம் என்று ஒன்று உண்டு, அதன் பக்கம் போக வேண்டும் என்று அத்தனைக்கும் தெரிந்திருந்தது.

குமரனுக்கு நாக்கு உலர்ந்திருந்தது. எவ்வளவு நேரமாக வாயைத் திறந்து வைத்திருந்தான் என்று தெரியவில்லை.

"என்னலே? என்ன ஆச்சி?" அம்மா ஜமுக்காளத்துக்குள் தலையை நுழைத்தாள். இரண்டு தலைகள், ஒரு டார்ச்சு.

"என்னது அது?"

"பிள்ளைங்க."

"ராத்திரின்னியே?"

"இருட்டுலதான் வெளிய வரும். பகல்ல வந்தா மத்த மீனு தின்னுரும். அதனால கும்மிருட்டாகுற வரைக்கும் முட்டைக்குள்ளயே காத்துக்கிட்டு இருக்கும்." அவனுக்கே இப்போதுதான் முழுதாகப் புரிந்தது. "நீ ராத்திரி ஆக்கிட்டம்மா. மோட்டாரையும் நிப்பாட்டிட்ட. அதான் மணல் இழுக்கல."

அம்மாவின் மூச்சு கண்ணாடியில் பட்டு மங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

பெரியது ஒரு முறை சாய்ந்து நிமிர்ந்தது. நேரம் இல்லை. காற்றைத் திறந்தால் குஞ்சுகள் அடிபடும், திறக்காவிட்டால் பெற்றவை சாகும். முதலில் குஞ்சுகளை அள்ள வேண்டும், அதுவும் உடனே.

"ஏதாவது மொண்டு எடுக்கக் கொண்டா!"

அம்மா பூஜை அறைக்கு ஓடினாள். திரும்பி வந்தவள் கையில் பளபளவென்று ஒன்று.

"செம்பு வேண்டாம்!"

குமரன் கத்தியது வாசல் வரை கேட்டது. எட்டு மாதத்தில் அந்த வீட்டில் அவன் குரல் உயர்ந்ததில்லை. மாடிப்படியில் அனுராதா அப்படியே நின்றாள்.

"எதுக்குலே இந்தச் சத்தம்? தேய்ச்சு வச்ச செம்புல்லா?"

"செம்புன்னாலே ஆகாதும்மா. கடல் உயிருக்கு அது விஷம்."

"நாங்க அதுலதான் குடிச்சி வளந்தோம்."

"நீ மீன் இல்ல."

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்றாள் அம்மா. அனுராதா களுக்கென்று சிரித்துவிட்டு, அடுக்களையில் இருந்து தன் பிளாஸ்டிக் டிபன் டப்பாவை எடுத்து வந்தாள்.

டார்ச்சு அம்மா கைக்கு வந்தது. இத்தனை மாதம் இரண்டடி தள்ளி நின்றவள் கண்ணாடியில் தோள் இடிக்க நின்று, மூலையில் வெளிச்சத்தைக் குவித்தாள். மழைக்கு முன் விளக்கில் ஈசல் அப்புவது போல வெள்ளிக் கண்கள் அந்த மூலையில் வந்து அப்பின. குமரன் டப்பாவைத் தண்ணீரோடு தண்ணீராக இறக்கி, ஒரு பக்கம் சாய்த்தான். தண்ணீர் அவற்றைத் தானாக உள்ளே கொண்டுவந்தது.

"பைய, பைய," என்றாள் அம்மா. "குலுக்காத. தலை நிக்காத பிள்ளைங்க."

கல்லூரியில் இருந்து எடுத்து வந்திருந்த அகலக் கண்ணாடிச் சாடியில் அப்படியே தாழ்த்திக் கவிழ்த்தான். மறுபடி இறக்கினான். மறுபடி சாய்த்தான். அம்மாவின் முழங்கை வரை கடல் தண்ணீர் வழிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

வெளிச்சத்துக்கு வர ஒன்றும் மிச்சமில்லை என்றானதும் அனுராதா மோட்டாரைச் சொருகினாள். குமிழிகள் ஏறின. பெரியது மெல்லக் கீழே இறங்கியது. சின்னது நேராக ஓட்டுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. அதன் முன்னால் நின்று விசிறத் தொடங்கியது.

மூன்று பேரும் பார்த்தார்கள்.

"அவன நிப்பாட்டச் சொல்லுலே," என்றாள் அம்மா.

குமரன் ஜமுக்காளத்தை மடித்தான். கொஞ்ச நேரம் பிடித்தது.

●

கிரகணம் விட்டது. தெரு ஒரே நேரத்தில் கதவைத் திறந்தது. குடம் குடமாகத் தண்ணீர் வாசல்களில் வந்து விழுந்தது. கிரகணம் பிடித்த தண்ணீரை யாரும் வைத்துக்கொள்ளமாட்டார்கள். அம்மாவும் தலைக்குக் குளித்து, அண்டாவில் இருந்து தவலை வரை கவிழ்த்தாள். தொட்டியையும் சாடியையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"இதக் கொட்ட முடியாதுல்லா?"

"முடியாது."

"சரி. கடலுக்குத் தீட்டு இல்ல." தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, ஈரத் தலையோடு சாடியின் முன்னால் உட்கார்ந்தாள். சாடியைச் சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. மேலே இருந்துதான் பார்க்க வேண்டும்.

"என்ன திங்கும்?"

"கண்ணுக்குத் தெரியாத கடல் பூச்சி. அது வேற எதையும் திங்காது. நடராஜ் கேன்ல வளத்து வச்சிருக்கான். மத்தியானம் கொண்டாறான்."

நடராஜ் சித்ரலேகாவின் தம்பி. தூத்துக்குடியில் மீன்வளம் படிக்கிறான். விடுமுறையில் கெடாமல் பார்த்துக்கொள்ள, தன் கல்லூரியில் இருந்து கேனை வீட்டுக்கே தூக்கி வந்திருந்தான்.

"அது வரைக்கும் வெறும் வயிறா?"

"இல்ல. வயித்துக்கு அடியில கொஞ்சம் மஞ்சக்கரு ஒட்டியிருக்கும். நாளைக் காலை வரைக்கும் அத வச்சித் தாங்கும்."

அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"கட்டுச்சோறு," என்றாள்.

"என்னது?"

"பெத்தவ கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கா."

மஞ்சக்கருவைப் பற்றிய பக்கத்தை அவன் புத்தகத்தில் படித்திருந்தான். சித்ரலேகா பென்சிலால் கோடு போட்ட பக்கம். அதில் இப்படி இல்லை. அவனும் குனிந்தான். அந்த நூல் பிசிறுகள் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பொட்டு மஞ்சள். ஊர் பேர் தெரியாத இடத்துக்குப் புறப்பட்ட அத்தனை பேர் இடுப்பிலும் ஒரு பொட்டலம்.

"குமரு தம்பி!" வாசலில் மைதீன் பாத்திமா அக்கா மூச்சிரைக்க நின்றாள். குமரனுக்கு வருகிற போன் எல்லாம் அவள் வீட்டுக்குத்தான் வரும். "தூத்துக்குடியில இருந்து ஒங்க மச்சினன். என்னமோ அழுவுதான். ஓடியா!"

ஓடினான்.

"அத்தான்..." நடராஜின் குரல் உடைந்திருந்தது. "அத்தான், அம்மா..."

"அத்தைக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. கிரகணம் விட்டதும் நான் குளிக்கப் போனேன். வந்து பாத்தா வீட்டுல இருந்த தண்ணியெல்லாம் கொட்டிட்டாவ. என் கேனையும். பச்சையா நாத்தமடிக்குன்னு முதல்ல அதத்தான் கொட்டுனாவளாம்."

குமரன் ரிசீவரைக் காது மாற்றினான்.

"காலேஜில இருக்குமா?"

"பூட்டிக் கிடக்கு. சாவி சார்ட்ட. சார் ஊருக்குப் போயிட்டாவ, நாளன்னிக்குத்தான் வருவாவ." மூக்கை உறிஞ்சினான். "அக்காவோட வலை இருக்கு அத்தான். துணி மாதிரி நைசா இருக்கும்லா, அது. கடல்ல இறங்கி இழுத்தா எல்லாப் பூச்சியும் வரும். எது எதுன்னு பிரிக்க எனக்குத் தெரியாது. அக்காதான் செய்வா. அவ ஓரத்துல குறிச்சு வச்ச புஸ்தகம் அங்கதான இருக்கு?"

"இருக்கு."

"நீங்க வருவீங்களா?"

குமரன் கடலில் இறங்கி வெகுகாலம் ஆயிற்று. கடைசியாக இறங்கியபோது ஒருத்தி முன்னால் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தாள். இவன் கரையில் செருப்புக்குக் காவல் இருந்துவிட்டு, கூப்பிட்ட பிறகுதான் போனான்.

"வாறேன்," என்றான்.

வீட்டுக்கு வந்து நின்றபடியே சொன்னான். அம்மா கேட்டுக்கொண்டாள். சம்பந்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று அனுராதா காத்திருந்தாள். சொல்லவில்லை.

"பஸ்ஸு ஓடுதா?"

"இப்பம் ஓடும்."

"அப்பம் போ. நான் இங்கன இருக்கேன்."

"மோட்டாரப் பிடுங்கிராத."

"பிடுங்கல."

"செம்பு..."

"கிட்டயே கொண்டு வரமாட்டேன். போ லே!"

புத்தகத்தைப் பையில் வைத்தான். காலிக் கேனை எடுத்தான். படியிறங்கிச் செருப்பில் கால் நுழைக்கும்போது உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது. அவனிடம் இல்லை. அனுராதாவிடமும் இல்லை. சாடிக்குள் குனிந்து, பந்தியில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"பைய திங்கணும், கேட்டியளா? அவ்வளவையும் ஒரே வாயில தீத்துராதிய. வலை வீச ஆள் போயிருக்கு."